துரை விட்டுப்போன மலைக்கயிறு

போன வாரம் உங்களில் ஒரு பெண் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். மலையேறுகிற ஒருவர் தன் கயிற்றை விற்கிறாராம். வெளிநாட்டுச் சரக்கு, பார்க்கப் புதிதுபோல இருக்கிறது, பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார், நம் வேலைக்கு வாங்கிப் போடலாமா அம்மா என்று கேட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பாவம், அவள் முகம் சுருங்கிவிட்டது. உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்று அப்போதே சொன்னேன். எதை நினைத்துச் சிரித்தேன் என்பதை இன்று உங்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மேடையிலும் சினிமாவிலும் கயிற்றில் தொங்கிப் பிழைக்க வந்திருக்கிற நீங்கள் கேட்டுவைப்பது நல்லது.

சுதந்திரம் வந்த புதிது. திருவனந்தபுரத்தில் கரமனை ஆற்றுக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டிருந்த ஒரு தமிழ் நாடகக் கம்பெனியில் நான் பறந்துகொண்டிருந்தேன். விளையாட்டாகச் சொல்லவில்லை, எனக்குச் சம்பளமே பறப்பதற்குத்தான். நடிப்பு சுமார். பாட்டு அதைவிடச் சுமார். உயரத்துக்குப் போனால் மற்றவர்களுக்குத் தலை சுற்றும். எனக்குச் சிரிப்பு வரும். இந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு எல்லா நாடகத்திலும் நான்தான் தேவி. கடைசிக் காட்சியில் அசுரன் கொக்கரிப்பான், நான் ஆகாயத்திலிருந்து சூலத்தோடு இறங்குவேன், திரை விழும்.

இடுப்பில் புடவைக்கு உள்ளே ஒரு தோல் பெல்ட். அதன் முதுகுப்பக்கம் இரும்பு வளையம். வளையத்தில் கட்டிய கயிறு மேலே உத்தரத்தில் தொங்கும் கப்பியைச் சுற்றி மேடையின் ஓரத்துக்கு இறங்கும். அங்கே தாணு அண்ணன் தன் ஆட்களோடு நின்று இழுப்பார். தாணு அண்ணன் நாகர்கோவில்காரர். பேச்சு குறைவு. அவர் கை கயிற்றில் இருந்தால் நான் மேலே தூங்கக்கூடச் செய்வேன்.

கயிறுதான் சனியன். கம்பெனியில் இருந்தது முரட்டுத் தென்னைநார் வடம். கப்பியில் ஏறும்போது கிழட்டு மாடு மாதிரி முனகும். நான் மெல்ல இறங்கி, "அஞ்சேல் பக்தா" என்பேன். மேலே கயிறு "ம்ம்ஹே" என்னும். கேலரியில் ஒருத்தன் தவறாமல் பதில் குரல் கொடுப்பான்.

அந்தச் சமயம் பொன்முடியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஊருக்குக் கப்பலேறினார். பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. எங்கள் முதலாளி, வெல்வெட் திரைச்சீலை கிடைக்குமா என்று பார்க்க பஸ் பிடித்துப் போனார். வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டே போய், திரும்பி வரும்போது தோளில் ஒரு கயிற்றுச் சுருளைப் பூணூல் மாதிரி மாட்டிக்கொண்டு வந்தார்.

"இது என்ன தெரியுமா? துரை சின்ன வயசிலே ஆல்ப்ஸ் மலை ஏறின கயிறாக்கும்!" என்றார். "இங்கே வந்த பிறகும் லீவு கிடைச்சா பாறை பாறையா ஏறுவாராம். இனிமே நம்ம தேவி இதிலேதான் இறங்குவா."

அதைக் கையில் வாங்கியதும் நான் மயங்கிவிட்டேன். மணிலா நாரில் மூன்று புரியாக முறுக்கியது. தேன் நிறம். பழைய வடத்தில் பாதிப் பருமன்தான், ஆனால் தொட்டால் பூனையைத் தடவுவதுபோல இருந்தது. ஒத்திகையில் அதில் ஏற்றினார்கள். சத்தமே இல்லை! உத்தரம் வரை போனேன், இறங்கினேன், ஒரு சுற்றுச் சுற்றினேன். "இன்னும் இன்னும்" என்று கத்தினேன். அரிசி மூட்டையைக் கட்டித் தூக்கிப் பார்த்தார்கள், அதையும் தாங்கியது. அந்த வாரம் முழுக்க ஒத்திகைக்கு நான்தான் முதல் ஆளாகப் போய் நின்றேன். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. பழைய வடத்தை அறுத்து, சீன் படுதாக்களை மூட்டை கட்டச் சொல்லிவிட்டார். சாலைக் கடைத்தெருவிலும் ஆரியசாலையிலும் நோட்டீஸ் பறந்தது: "ஆல்ப்ஸ் சிகரம் ஏறிய அதிசயக் கயிற்றில் தேவி ஆகாய கமனம்!"

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆட்டம். கொட்டகை நிரம்பி, கீற்றைப் பிரித்துக்கொண்டு வெளியிலும் ஜனம். முன்வரிசையில் ஆரியசாலை மளிகை வியாபாரிகள் குடும்பத்தோடு. அவர்களுக்குப் பின்னால் கரமனை அக்ரஹாரத்து மாமிகள். கேலரி முழுக்க மலையாளத்துப் பையன்கள். நான் வேஷம் போட்டு, பெல்ட்டை மாட்டி, கயிறு கட்டத் தயாராக நின்றேன். என் காட்சிக்கு இன்னும் இரண்டு பாட்டு பாக்கி.

அப்போது மேடையின் பின்பக்கம் ஒரு பெரியவர் வந்தார். வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை. துரை வீட்டு பட்லர். பெயர் மாசிலாமணி, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். துரை போனபின் தம்பானூரில் மகள் வீட்டில் இருந்தார்.

"நோட்டீஸ் பாத்தேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. "நம்ம துரை கயிறு தெய்வத்தைத் தூக்குதுன்னா ஒரு நோக்கு பாக்காம இருக்க முடியுமா? எங்கே அது?"

தாணு அண்ணன் காட்டினார். மாசிலாமணி கயிற்றைக் குதிரையைத் தட்டிக்கொடுப்பதுபோலத் தட்டிக்கொடுத்தார்.

"இதுபோல ஒரு கயிறு ஒலகத்திலே கிடையாது, கேட்டோ. துரை பாறையிலேர்ந்து விழுவாரு பாருங்க, மூணாள் உயரம்! டக்குனு பிடிச்சுக்கும். ஒரு நாளும் கைவிட்டதில்லை."

"எத்தனை தடவை விழுந்திருப்பாரு?" என்று கேட்டேன்.

"அதை எண்ண முடியுமா தாயி? மனுஷன் விழறதுக்குன்னே ஏறுவாரு."

முதலாளி பக்கத்தில் வந்து நின்று பூரித்துப்போனார். அதைப் பார்த்ததும் பட்லருக்கு இன்னும் உற்சாகம்.

"மலை மட்டுமா? ஒரு மழைக்காலத்திலே தேயிலைப் பெட்டி ஏத்தின லாரி வளைவிலே சறுக்கி ஓடையிலே போயிருச்சு. வேற கயிறு இல்லை. இதைத்தான் கட்டி இழுத்தோம். லாரி மேலே வந்துது, கயிறு அப்படியே இருந்துது!"

"கேட்டியா?" என்றார் முதலாளி என்னைப் பார்த்து. "லாரியையே இழுத்த கயிறாக்கும். நீ என்ன லாரியைவிடக் கனமா?"

"பின்னே, கடைசி ரெண்டு வருஷம் துரைக்கு முட்டுவலி" என்று மாசிலாமணி தொடர்ந்தார். "கார் ஷெட்டிலே கிடந்துது. மேலே பழைய பாட்டரி வச்சிருந்தோம். அந்தத் தண்ணி கொஞ்சம் ஒழுகிருச்சு. ஏலத்துக்கு எடுத்தப்ப நான்தான் சோப்புப் போட்டு அலசி, அடுப்புக்கு மேலே காயப்போட்டேன். புதுசு மாதிரி ஆயிருச்சு, அல்லே?"

அந்த மனிதர் முகத்தில் அப்படியொரு பெருமை. அவர் புகழப் புகழ என் காலுக்குக் கீழே பூமி ஒவ்வோர் அங்குலமாக நகர்ந்தது. விழுந்த கணக்கு யாருக்கும் தெரியாது. லாரி இழுத்தபோது உள்ளே எந்த நார் விட்டுப்போனதோ தெரியாது. நாரையே அரிக்கிற பாட்டரித் தண்ணீர் எந்த இடத்தில் பட்டதோ, அதைக் கழுவியவருக்கே தெரியாது.

நான் கயிற்றைத் திருகிப் புரிகளைப் பிரித்து உள்ளே பார்த்தேன். கறுப்போ பொடியோ பூசணமோ எதுவும் இல்லை. பொன்னாக மின்னியது. பிள்ளைகளே, அதுதான் சங்கடம். ஒரு இடத்தில் நைந்திருந்தால் முதலாளியிடம் காட்டி முடித்திருப்பேன். காட்டுவதற்கு என்னிடம் எதுவுமில்லை. பட்லரின் புகழ்ச்சி மட்டும்தான் இருந்தது.

மேடையில் ஒரு பாட்டு முடிந்து கைதட்டல் கேட்டது.

"முதலாளி, நான் இதிலே ஏற மாட்டேன்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவர் முகம் மாறியது. "என்னளா சொல்லுகே? வாரம் முழுக்க இதிலேதானே குரங்கு மாதிரி ஆடினே?"

"தெரியாம ஆடினேன். இப்ப தெரிஞ்சுபோச்சு."

"என்ன தெரிஞ்சுபோச்சு? எங்கே பழுது? காட்டு!"

"பழுது எங்கேன்னு தெரியாதுங்கறதுதான் தெரிஞ்சுது."

"சவம், இது என்ன நியாயம்! நல்லா இருக்குன்னு அவரே சொல்லுதாரு. மூட்டை தூக்கினது, உன்னைத் தூக்கினது. வெளியே பாரு, எல்லாரும் நீ பறக்கறதைப் பாக்கத்தான் வந்திருக்கான். கொட்டகையைக் கொளுத்திருவான்!"

அவர் சொன்னதில் பொய் இல்லை. கேலரியில் காலால் தாளம் போட ஆரம்பித்திருந்தார்கள். பழைய வடம் துண்டு துண்டாகப் படுதா மூட்டையில். நான் பயந்தது கயிற்றுக்கா, கூட்டத்துக்கா என்று எனக்கே தெரியவில்லை. கயிறு அறுந்தால் நான் மட்டுமா? மேடையை ஒட்டி உட்கார்ந்திருக்கும் முன்வரிசைக் குழந்தைகள் மேலே சூலத்தோடு அல்லவா விழுவேன்?

முதலாளி தாணு அண்ணன் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுடே. தாங்குமா தாங்காதா?"

தாணு அண்ணன் என்னைப் பார்த்தார். "தொங்கறது அவளாக்கும். அவ வேண்டாம்னா நான் இழுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைக் கீழே போட்டார்.

அந்த வார்த்தையை நான் இன்றுவரை வேறு யாரிடமிருந்தும் அவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை. நீங்கள் இழுப்பவராக இருந்தாலும் தொங்குபவராக இருந்தாலும் அதை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குள் இரண்டாவது பாட்டும் முடிந்துவிட்டது. அசுரன் மேடையேறிவிட்டான். அசுர வேஷம் எப்போதும் சங்கரலிங்கம் அண்ணன். நல்ல உயரம், இடிமுழக்கக் குரல், ஆனால் மனப்பாடம் செய்த வசனத்தைவிட்டு ஓர் எழுத்து விலகத் தெரியாத மனிதர். மேடைக்குப் பின்னால் நடந்த எதுவும் அவருக்குத் தெரியாது.

"எங்கே உன் தெய்வம்?" என்று அவர் கர்ஜித்தது கேட்டது. "ஆகாயத்தில் ஒளிந்திருக்கிறதா? இறங்கி வரச் சொல்!"

ஆர்மோனியக்காரர் நான் இறங்கும் மெட்டை ஆரம்பித்தார். நான் இறங்கவில்லை. சங்கரலிங்கம் அண்ணன் மேலே பார்த்தபடியே காத்திருந்தார். பிறகு அதே வசனத்தை இன்னும் உரக்கச் சொன்னார்.

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தக் கணத்தில்தான் எனக்கு மேடைக்கு அடியில் இருக்கும் பாதாளக் குழி ஞாபகம் வந்தது. சீதையைப் பூமி விழுங்கும் நாடகத்துக்காக வெட்டியது. மேலே ஒரு பலகைக் கதவு. புடவையை வரிந்து கட்டினேன். சூலத்தையும், ஓரத்தில் புகைக்காக வைத்திருந்த சாம்பிராணிச் சட்டியையும் எடுத்துக்கொண்டு மேடைக்கு அடியில் தவழ்ந்தேன். சிலந்திவலை, சாக்கு, யாரோ போட்ட வாழைப்பழத்தோல். சூலம் மேடையைத் தாங்கிய ஒரு மரக்காலில் மாட்டிக்கொண்டது, பிடுங்கினேன். தலைக்கு மேலே மூன்றாம் தடவையாக, "இறங்கி வரச் சொல்!" சாம்பிராணிச் சட்டியை எனக்கு முன்னால் தூக்கி வைத்துவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு புகையோடு மெல்ல எழுந்தேன்.

நான் எழுந்தது அசுரனின் முதுகுக்குப் பின்னால். கொட்டகை முழுவதும் என்னைப் பார்த்துவிட்டது, அவர் ஒருவரைத் தவிர.

"எடோ, பின்னில்! பின்னில் நோக்கு!" என்று கேலரி கூவியது.

"பின்னாடி பாருங்கோ! ஐயோ, பின்னாடி!" என்று ஒரு மாமி எழுந்தே நின்றுவிட்டார்.

சங்கரலிங்கம் அண்ணன் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டார். கழுத்தை இன்னும் நிமிர்த்தி, "ஏன், வானம் தூரமோ? வழி தெரியவில்லையோ?" என்று ஆகாயத்தை மிரட்டினார். நான் சூலத்தின் நுனியால் அவர் முதுகில் மெல்லக் குத்தினேன். திரும்பினார். அவர் வாயிலிருந்து அன்றுதான் முதன்முதலாக எழுதாத வசனம் ஒன்று வந்தது.

"ஏளா, நீ எங்கேருந்து வந்தே?"

கொட்டகை இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. எனக்கும் தொண்டைவரை சிரிப்பு. அதை விழுங்கிக்கொண்டு, எங்கிருந்தோ வந்த தைரியத்தில், "வானத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாயே மூடா, உன் காலடி மண் யாருடையது என்று நினைத்தாய்?" என்றேன்.

அவ்வளவுதான். வியாபாரிகள் துண்டை வீசினார்கள். கேலரியில் விசில். சங்கரலிங்கம் அண்ணன் நிஜமாகவே திகைத்துப்போய்த் தடாலென்று விழுந்தார். அவர் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு அழகாகச் செத்ததில்லை.

மறுநாள் காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது முதலாளி வந்தார். ஆட்டம் அமோகமாக முடிந்ததில் அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் தன் கயிற்றை அவமானப்படுத்திவிட்டேன் என்ற குறை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

"எல்லாரும் வாங்க. அந்தக் கயிறு தாங்குமா தாங்காதான்னு நான் காட்டுதேன்" என்றார்.

வேட்டிக்கு மேலே என் பெல்ட்டைக் கட்டிக்கொண்டார். கடைசித் துளைகூட எட்டவில்லை. ஒரு துணியை வைத்து முடிந்தோம். தாணு அண்ணன் மனமில்லாமல் இழுத்தார். முதலாளி தரையைவிட்டு ஒரு முழம் எழும்பினார். காலை உதைத்து ஊஞ்சல் ஆடினார். ஒரு பாட்டுக்கூடப் பாடினார்.

"பாத்தியா? பாத்தியா? என்னையே தாங்குது!"

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு, "தாணு அண்ணே, முதலாளியை உத்தரம் வரைக்கும் ஏத்துங்க" என்றேன்.

தாணு அண்ணன் கையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "ஏத்தட்டா முதலாளி?" என்று கேட்டார்.

முதலாளி மேலே பார்த்தார். கப்பி வெகு உயரத்தில் சின்னதாகத் தெரிந்தது. கயிற்றைப் பார்த்தார். ஊஞ்சல் தானாக நின்றது. அவர் மனதில் அப்போது லாரி ஓடியதா, பாட்டரி ஒழுகியதா, நான் அறியேன். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"டேய் தாணு" என்றார் கடைசியில், மிகவும் சாந்தமாக. "மெள்ள இறக்குடே."

அவர் கால் தரையில் பட்டதும் முதலில் வெடித்துச் சிரித்தவர் அவர்தான். பிறகு எங்களால் நிறுத்தவே முடியவில்லை. சங்கரலிங்கம் அண்ணன் தூணைக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

அந்தக் கயிற்றை அன்றே அரிவாளால் துண்டு துண்டாக நறுக்கினோம். முழுசாக வைத்திருந்தால் எவனாவது ஒருநாள் எடுத்து ஆளைக் கட்டிவிடுவான் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். ஒவ்வொரு துண்டையும் பிரித்துப் பார்த்தேன். எங்கும் கெட்டதாகத் தெரியவில்லை. முதலாளி, "நல்ல கயித்தை நறுக்கினவ" என்று வருஷக்கணக்காக என்னைக் கேலி செய்தார். அது அறுந்திருக்குமா, இன்னும் ஆயிரம் ஆட்டம் தாங்கியிருக்குமா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் ஏறவில்லை. உங்களிடம் கயிறு விற்க வருபவர் நல்லவராக இருக்கலாம், மாசிலாமணியைப் போல உண்மையே பேசலாம், கயிறும் அருமையாக இருக்கலாம். ஆனால் அது எங்கெல்லாம் போயிற்று, யாரையெல்லாம் பிடித்தது, எதன்மேல் கிடந்தது என்பதைக் கயிறு சொல்லாது, கண்ணுக்கும் தெரியாது. கப்பியைப் பழசாக வாங்கலாமா என்று கேட்டால் உட்கார்ந்து யோசிப்பேன். கயிறு என்றால் யோசிக்கவே மாட்டேன்.

புதுக்கயிறு வாங்க முதலாளி என்னையும் தாணு அண்ணனையும் ஆரியசாலைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் புது மணிலாச் சுருளைக் கட்டுப் பிரித்துப் போட்டார். முதலாளி அதை முகர்ந்தார், திருகினார், வெயிலில் காட்டினார். பிறகு கடைக்காரரை முறைத்து, "இது இதுக்கு முன்னாலே யார்கிட்டே இருந்தது?" என்றார்.

"புதுசு அண்ணாச்சி. இப்பதானே உங்க கண் முன்னாலே கட்டுப் பிரிச்சேன்!"

"லாரி கீரி இழுத்துதா?"

கடைக்காரர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்தச் சுருளையே வாங்கினோம். அன்று முதல் அது எங்கே தொங்கும், யார் தொடலாம் என்பதெல்லாம் தாணு அண்ணன் பொறுப்பு.

அடுத்த ஆட்டத்தில் அதில்தான் இறங்கினேன். சங்கரலிங்கம் அண்ணன் கர்ஜித்தார். ஆர்மோனியம் எழுந்தது. தாணு அண்ணன் கயிற்றைத் தளர்த்தி விட, இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குள் மெல்ல வந்தேன். கீழே நூற்றுக்கணக்கான முகங்கள் பூத்த மாதிரி நிமிர்ந்திருந்தன. என் முதுகுக்குப் பின்னாலிருந்த கயிற்றைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அந்த நிம்மதி உடம்பெல்லாம் சிரிப்பாக ஏறியது. "அஞ்சேல் பக்தா" சொல்ல வேண்டிய இடம் வந்தது. வசனம் சுத்தமாக மறந்துபோயிற்று. ஓரத்தில் முதலாளி கையை ஆட்டி ஆட்டி வாயசைத்தார். அசுரன் காத்திருந்தான். எனக்கானால் தரையில் கால் வைக்கவே மனமில்லை. நான் தாணு அண்ணனைப் பார்த்து விரலை மேலே காட்டினேன். அவர் ஒரு கணம் விழித்தார், சிரித்தார், இழுத்தார். கூட்டம் ஆர்ப்பரிக்க, தேவி ஒரு வார்த்தையும் பேசாமல் மறுபடி ஆகாயத்துக்கே போனாள்.